பூலியனுக்குப் பேர் கொடுத்த ஜார்ஜ்

ஜாவாவில் ஒரு வரியாவது எழுதியிருந்தால், இந்த மனிதரின் பெயரை நீங்கள் டைப் செய்திருப்பீர்கள். இன்ட், ஃப்ளோட், டபுள், கேர் எல்லாம் பொதுவான வார்த்தைகள். அந்த வரிசையில் ஒரே ஒரு டேட்டா டைப்புக்கு மட்டும் ஓர் ஆளோட பேர் இருக்கு. அதுதான் பூலியன். ஃபர்ஸ்ட் இயர்ல நடத்தும்போது ட்ரூ, இல்லன்னா ஃபால்ஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். நானும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் மாட்டிக்கொள்ளும் வரை.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஒரு ஒர்க்ஃப்ளோ செய்தோம். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு ஃபைல் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று படமாக வரைந்து கொடுத்தால், கம்ப்யூட்டரே அதை நடத்திக்கொண்டு போகும். அதுதான் ஒர்க்ஃப்ளோ. பாதை பிரியும் இடத்தில் சாய்சதுரமாக ஒரு கட்டம் வரும். அதுக்குப் பேர் கேட்வே. எந்தப் பக்கம் போகணும்னு அங்கேதான் ஒரு கண்டிஷன் எழுதணும். எங்கள் கேட்வேக்கு, விண்ணப்பம் ஒரு ஜாவா ஆப்ஜெக்டாக வந்து சேரும். அதற்குள் வருமானச் சான்று சரியா என்று ஒரு பூலியன் ஃபீல்டு. ட்ரூ என்றால் அனுமதி. இல்லையென்றால் நிராகரிப்பு. ரெண்டே அம்புக்குறி.

டெஸ்ட் பண்ணும்போது சிவப்பாக ஓர் எரர் வந்தது, நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். காரணம், அந்தச் சான்றை இன்னும் யாரும் திறந்தே பார்க்கவில்லை. அதனால் ஃபீல்டில் ட்ரூவும் இல்லை, ஃபால்ஸும் இல்லை. ஜாவா இதைத்தான் ‘நல்’ என்கிறது, மதிப்பே இல்லாத நிலை. நெட்டில் தேடினோம். நேராக மதிப்பை எடுக்காமல், இது ட்ரூவுக்குச் சமமா என்று மட்டும் கேட்டால் உடையாது என்று இருந்தது. அப்படியே மாற்றினோம். எரர் போயிடுச்சு, பார்ட்டிகூட வெச்சோம். அதற்குப் பிறகு யாரும் பார்க்காத விண்ணப்பங்கள் எல்லாம் சத்தமில்லாமல் நிராகரிப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு அது தெரியவே இல்லை.

ரிவியூவில் கைடு மேடம் அதைப் பிடித்துவிட்டார். பூலியன்னாலே ரெண்டு பதில்தானே மேடம் என்று நான் வாதாடினேன். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு படிச்சுட்டு வந்து அப்புறம் வாதாடு என்று அனுப்பிவிட்டார். படித்தேன். வாதத்தில் தோற்றும் போனேன். நான் படித்த அந்த வாழ்க்கையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

செருப்புக் கடைக்காரர் மகன்

ஜார்ஜ் பூல் 1815 நவம்பர் 2 அன்று இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜான், காலணி செய்பவர். அம்மா மேரி ஆன், திருமணத்துக்கு முன் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். நான்கு பிள்ளைகளில் ஜார்ஜ்தான் மூத்தவர்.

அப்பாவுக்குத் தொழிலில் இருந்ததைவிட லென்ஸ், டெலஸ்கோப் மேல்தான் ஆசை அதிகம். அப்படிப்பட்டவர் கடை எப்படி ஓடும்? ஓடலை. ஆனால் மகனுக்கு முதல் கணக்கு வாத்தியார் அவர்தான். லத்தீன் சொல்லிக் கொடுக்கப் பள்ளியில் ஆள் இல்லை. அப்பாவின் நண்பரான வில்லியம் புரூக் என்ற புத்தகக் கடைக்காரர் ஆரம்பித்து வைத்தார். அதற்கு மேல் கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் பையன் தானே உட்கார்ந்து படித்ததுதான்.

14 வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அப்பா பெருமை தாங்காமல் அதை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். அச்சிலும் வந்தது. உடனே ஒரு பள்ளி ஆசிரியர், இந்த வயசுப் பையனால இதைச் செஞ்சிருக்கவே முடியாது என்று எதிர்ப்பு எழுதினார். அவர் கேட்வேயில் ஒரே ஒரு கண்டிஷன்தான் இருந்தது, வயசு. பையனை நேரில் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்ற மூன்றாவது வழி அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும், கவனியுங்கள்.

16 வயதில் அப்பாவின் தொழில் நொடித்தது. ஜார்ஜ் டான்காஸ்டர் என்ற ஊருக்குப் போய் உதவி ஆசிரியர் ஆனார். நம்ம வயசைவிட அஞ்சு வயசு கம்மி. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லாருக்கும் சோறு போடும் பொறுப்பு அந்த நாளில் தலையில் ஏறியது, கடைசி வரை இறங்கவே இல்லை.

கணக்குப் பக்கம் அவர் தீவிரமாகத் திரும்பியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். புத்தகம் வாங்கக் கையில் காசு குறைவு. மற்ற புத்தகங்கள் சீக்கிரம் முடிந்துவிடும், கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும். லக்ருவா எழுதிய பிரெஞ்சு கால்குலஸ் புத்தகம் ஒன்று கிடைத்தது. வழிகாட்ட ஆள் இல்லாமல் அதோடு தனியாக மல்லுக்கட்டினார். லக்ராஞ்ச், லாப்லாஸ் எல்லாம் இதே மாதிரிதான்.

1833-இல், 17 வயதில், டான்காஸ்டரில் ஒரு புல்வெளியில் நடந்து போகும்போது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. எண்களுக்கு நடக்கிற கணக்கு மாதிரி, மனிதன் யோசிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்க முடியுமா? வீட்டுக்குப் போய் உடனே எழுதிவிடவில்லை. 14 வருஷம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

இல்லாத டிகிரி

19 வயதில் ஊருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு பள்ளி ஆரம்பித்தார். பகலில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு, இரவில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். லிங்கனில் தொழிலாளர்கள் படிப்பதற்காக மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்று இருந்தது. அதன் நூலகம் அவருக்குக் கைகொடுத்தது. எட்வர்ட் புரோம்ஹெட் என்ற செல்வந்தர் தன் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைக் கடன் கொடுத்தார்.

இருபதுகளின் நடுவில் கேம்பிரிட்ஜ் கணித இதழுக்குக் கட்டுரை அனுப்ப ஆரம்பித்தார். அதன் ஆசிரியர் டங்கன் கிரிகரி நல்ல மனிதர். எழுதியவர் எந்தக் காலேஜ் என்று பார்க்காமல் எழுத்தைப் பார்த்தார். கேம்பிரிட்ஜிலேயே சேர்ந்து ஒரு பட்டம் வாங்கிவிடலாமா என்ற யோசனையும் ஜார்ஜுக்கு வந்தது. சேர்ந்தால் சொந்த ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரும் படிக்கிற பாடத்தை முதலில் இருந்து படிக்கணும். வீட்டுக்குக் காசு யார் அனுப்புவது? போகவில்லை.

1844-இல் ஒரு நீண்ட கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். மதிப்பிட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேண்டாம் என்றார். இன்னொருவரான ஃபிலிப் கெல்லண்ட், இதற்குப் பதக்கமே தரலாம் என்றார். கட்டுரை ஏற்கப்பட்டது. அந்த வருஷமே தங்கப் பதக்கமும் வந்தது.  வாங்கியவரிடம் ஒரு டிகிரிகூடக் கிடையாது.

1846-இல் அயர்லாந்தில் மூன்று புதிய கல்லூரிகள் தொடங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜார்ஜ் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. நான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவன் இல்லை, எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை என்று தெளிவாக எழுதிவிட்டார். அகஸ்டஸ் டி மார்கன் உட்பட அன்றைய பெரிய கணித அறிஞர்கள் அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள்.

டி மார்கன் பேரைப் பார்த்ததும் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர் ஞாபகம் வந்திருக்குமே? அதே டி மார்கன் தியரம் ஆள்தான். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? மதுரை. 1806-இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்து போய்விட்டார்.

விண்ணப்பம் போனது. பதில் வரவில்லை. கல்லூரிகள் திறப்பதே தள்ளிக்கொண்டு போனது. 1846 போச்சு, 1847 போச்சு, 1848 டிசம்பரில் அப்பாவும் இறந்துவிட்டார். அதுவரை ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. நம்ம பாஷையில் சொன்னால், மூணு வருஷம் நல்.

காத்திருந்த காலத்தில் வந்த புத்தகம்

அந்த மூன்று வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 1847-இல் டி மார்கனுக்கும் எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டனுக்கும் தர்க்கம் பற்றி ஒரு சண்டை வந்தது. யார் முதலில் கண்டுபிடித்தது என்கிற சண்டை. அதைப் படித்ததும் ஜார்ஜுக்கு அந்தப் பழைய புல்வெளி யோசனை மேலே வந்தது. சில வாரங்களில் எழுதி முடித்தார். 82 பக்கம். தர்க்கத்தைத் தத்துவத்தின் கையிலிருந்து வாங்கிக் கணக்கின் கையில் கொடுத்த புத்தகம் அது. அவசரமாக எழுதிவிட்டோமே என்ற குறை அவருக்கே இருந்தது. அதனால் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

1849 ஆகஸ்டில் ஒருவழியாகப் பதில் வந்தது. கார்க் நகரத்து குயின்ஸ் காலேஜின் முதல் கணிதப் பேராசிரியர். காலேஜ் வாசலையே மிதிக்காதவர், நேராகப் பேராசிரியராக உள்ளே போனார். அப்போது அவருக்கு 33 வயது. அயர்லாந்து அப்போதுதான் பெரும் பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்தது. அங்கே உட்கார்ந்து அவர் எழுதியதுதான் 1854-இல் வந்த சிந்தனையின் விதிகள் என்ற பெரிய புத்தகம். நம்ம கோடுக்குள் இருக்கிற எல்லாமே அங்கேதான் இருக்கு.

அவர் செய்தது என்ன? எண்ணுக்குப் பதில் ஒரு கூட்டத்தை எழுத்தால் குறித்தார். அ என்றால் மதிப்பெண் தகுதி உள்ளவர்கள் எல்லாரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆ என்றால் வருமானத் தகுதி உள்ளவர்கள். அ × ஆ என்றால் இரண்டும் உள்ளவர்கள். சரி, அ × அ என்றால்? தகுதி உள்ளவர்களுக்குள்ளேயே தகுதி உள்ளவர்களைத் தேடினால் அதே கூட்டம்தான் வரும். ஆக அ × அ = அ. சாதாரண எண்களில் இந்த விதிக்கு ஒத்துப்போவது இரண்டே எண்கள், 0 மற்றும் 1. அவர் 1-க்குப் பேசப்படும் எல்லாரும் என்று பொருள் சொன்னார், 0-க்கு ஒருவரும் இல்லை என்று. அ அல்லாதவர்கள், 1 − அ. ஒருவர் அ-வாகவும் அ அல்லாதவராகவும் இருக்க முடியாது, எனவே அ × (1 − அ) = 0. பாருங்க, ஆண்ட், நாட் ரெண்டும் வந்துடுச்சு.

அல்லது என்பதிலும் அவர் கறாராக இருந்தார். இரண்டில் ஒன்று மட்டும் என்பது வேறு, ஒன்றோ இரண்டுமோ என்பது வேறு என்று தனித்தனியாக எழுதிக் காட்டினார். ஒர்க்ஃப்ளோவில் எக்ஸ்க்ளூசிவ் கேட்வே, இன்க்ளூசிவ் கேட்வே என்று இரண்டு சாய்சதுரம் இருக்கே, அந்த வித்தியாசம்தான் இது. கேட்வேயை மாற்றிப் போட்டு நாங்கள் முழித்த ராத்திரியை நினைத்துக்கொண்டேன்.

நாலு கிளை

இனிமேல் வருவதுதான் என்னைத் தோற்கடித்த பகுதி. நமக்கு எந்தப் பேப்பரிலும் வராத ஒன்றை ஜார்ஜ் செய்தார். வகுத்தார்.

எங்கள் ப்ராஜெக்ட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விதி இதுதான்: மதிப்பெண் தகுதியும் வருமானத் தகுதியும் இரண்டும் உள்ளவர்களுக்கு உதவித்தொகை உண்டு, மற்ற யாருக்கும் கிடையாது. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஒருவருக்கு உதவித்தொகை வந்ததா, அவருக்கு வருமானத் தகுதி இருக்கா, இந்த ரெண்டு மட்டும் தெரியும். மதிப்பெண் தகுதி இருந்ததா என்று சொல்ல முடியுமா?

ஜார்ஜ் இதை வகுத்தல் கணக்காகப் போட்டு, நாலு கிளையாக விரித்துக் காட்டுவார்.

வருமானத் தகுதி இருக்கு, உதவித்தொகையும் வந்தது. விடை 1. மதிப்பெண் தகுதி நிச்சயம் இருக்கு.

வருமானத் தகுதி இருக்கு, உதவித்தொகை வரலை. விடை 0. மதிப்பெண் தகுதி இல்லை.

வருமானத் தகுதி இல்லை, ஆனால் உதவித்தொகை வந்திருக்கு. விடை 1/0. அப்படி ஓர் ஆள் இருக்கவே முடியாது. இருந்தால், எங்கோ டேட்டா தப்பு.

வருமானத் தகுதியும் இல்லை, உதவித்தொகையும் வரலை. விடை 0/0. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கையில் உள்ள தகவலை வைத்துச் சொல்ல முடியாது.

கால்குலேட்டரில் 0/0 போட்டால் எரர் வரும். ஜார்ஜ் அதை எரர் என்று தூக்கிப் போடவில்லை. அதற்கு ஒரு பொருள் கொடுத்தார்: அந்தக் கூட்டத்தில் எல்லாருமா, சிலரா, ஒருவருமே இல்லையா என்பது தெரியாது. தெரியாது என்பதற்குத் தனியாக ஒரு குறியீடே வைத்துச் சமன்பாட்டில் கடைசி வரை கூடவே கொண்டுபோனார். 0 என்று மாற்றி எழுதிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தின் பிற்பகுதியில் பெரும்பங்கு நிகழ்தகவு பற்றியது. ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்குத்தான் அவ்வளவு பக்கங்களும்.

ஜாவாவின் நல் என்பதும் ஜார்ஜின் 0/0 என்பதும் ஒன்றில்லை. ஒன்று நினைவகத்தில் ஆப்ஜெக்ட் இல்லாத நிலை, இன்னொன்று ஒரு கணக்கின் விடை. ஆனால் இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றுதான். இல்லை என்பது ஒரு பதில். தெரியாது என்பது இன்னும் வராத பதில்.

மழை

கார்க்கில் 1850-இல் ஜார்ஜ் மேரி எவரெஸ்ட் என்ற பெண்ணைச் சந்தித்தார். எவரெஸ்ட் என்றதும் சிகரம் ஞாபகம் வருதா? அந்தச் சிகரத்துக்குப் பேர் வரக் காரணமான ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள்தான் மேரி. 1802-இல் நம்ம பரங்கிமலை பக்கம் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் ஆரம்பித்த நில அளவையை, அவருக்குப் பிறகு வடக்கே கொண்டுபோனவர் இந்த எவரெஸ்ட். மேரிக்குக் கணக்கில் ஆர்வம் அதிகம். ஜார்ஜ் அவருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார், கடிதத்திலும் பாடம் நடந்தது. 1855-இல் மேரியின் அப்பா இறந்து, அவர் ஆதரவில்லாமல் நின்றபோது, இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஐந்து மகள்கள் பிறந்தார்கள். 1857-இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1859-இல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் பற்றிய பாடப் புத்தகம் எழுதினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1864 நவம்பர் 24. வீட்டிலிருந்து காலேஜுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். கொட்டுகிற மழை. ஜார்ஜ் நடந்தே போனார். கிளாஸைத் தள்ளிப் போடவில்லை, ஈர உடையோடு நின்றே பாடம் நடத்தினார். காய்ச்சல் வந்து நுரையீரலில் இறங்கியது. எதனால் நோய் வந்ததோ அதுவேதான் மருந்து என்ற நம்பிக்கையில், மேரி அவரை ஈரத் துணியால் போர்த்தினார் என்றும் ஒரு கதை உண்டு. டிசம்பர் 8 அன்று ஜார்ஜ் இறந்தார். வயது 49. கடைசி மகள் எத்தலுக்கு அப்போது ஏழு மாதம்கூட நிறையவில்லை.

மேரி பிள்ளைகளோடு லண்டன் போனார். ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்தார், கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று புத்தகங்கள் எழுதினார். மகள் அலிசியா எந்தப் பட்டமும் இல்லாமலே நான்கு பரிமாண வடிவங்களை ஆராய்ந்தார். லூசி வேதியியலாளர் ஆனார். எத்தல், இ. எல். வாய்னிச் என்ற பெயரில் காட்ஃப்ளை என்ற நாவல் எழுதினார். மார்கரெட்டின் மகன்தான் ஜி. ஐ. டெய்லர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த மெக்கானிக்கல் மக்களுக்கு இவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

தொலைந்துபோன கிளை

ஜார்ஜ் இறப்பதற்குச் சற்று முன், ஜெவன்ஸ் என்ற இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதினார். அ + அ = அ என்று வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடுமே என்பது அவர் வாதம். ஜார்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு ஜெவன்ஸ், பியர்ஸ், ஷ்ரோடர் போன்றவர்கள் அந்தக் கணிதத்தைச் சீர்செய்தார்கள். வகுத்தலை எடுத்துவிட்டார்கள். அதோடு 0/0 என்ற கிளையும் போய்விட்டது. இன்று நாம் பூலியன் அல்ஜீப்ரா என்று படிப்பது அப்படிச் சுத்தம் செய்த வடிவத்தைத்தான்.

1937-இல் எம்ஐடியில் கிளாட் ஷேனன் என்ற மாணவர் தன் மாஸ்டர்ஸ் தீசிஸில் அதை ரிலே சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார். சுவிட்சுக்கு ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை. அங்கே மூன்றாவது தேவையே இல்லை. அங்கிருந்து சிப், சிப்பிலிருந்து லேங்குவேஜ், லேங்குவேஜிலிருந்து நம்ம கேட்வே. சுவிட்சுக்குச் சரியாக இருந்ததை மனிதர்களின் விண்ணப்பத்துக்கும் அப்படியே போட்டுவிட்டோம். சிக்கல் அங்கேதான்.

ஜாவாவில் இது எப்படி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்தில் தொடங்கும் பூலியன் பிரிமிட்டிவ். அதில் நல் வைக்கவே முடியாது. நீங்கள் எதுவும் வைக்காவிட்டால் அந்த ஃபீல்டு தானாகவே ஃபால்ஸ் ஆகிவிடும். அதாவது யாரும் பார்க்கவில்லை என்பது, பார்த்து இல்லை என்று சொன்ன மாதிரி பதிவாகும். பெரிய எழுத்தில் தொடங்கும் பூலியன் ஒரு கிளாஸ். அதில் நல் இருக்கலாம். அதை நேராக இஃப் கண்டிஷனில் போட்டால் எக்ஸெப்ஷன் வரும். யோசித்துப் பார்த்தால், அந்தச் சிவப்பு எரர்தான் எங்கள் ப்ராஜெக்ட்டில் உண்மை பேசிய ஒரே இடம். எனக்கு இதுக்குப் பதில் தெரியலைப்பா என்று அது நின்றது. நாங்கள்தான் அதன் வாயை மூடி, இல்லை என்று சொல்ல வைத்தோம்.

இது வெறும் மார்க் போகிற விஷயம் இல்லை. என் கிளாஸில் ஒருத்தனுக்கு முதல் வருஷம் உதவித்தொகை நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. அவங்க அப்பா ரெண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். கடைசியில் பார்த்தால் அவன் சான்றை யாரும் திறக்கவே இல்லை. அதற்குள் செமஸ்டர் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கியாகிவிட்டது. அங்கே என்ன கோடு ஓடியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கோடும் அதையேதான் செய்திருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அதனால் மாற்றினோம். அந்த ஃபீல்டை பூலியனிலிருந்து எடுத்துவிட்டு, சரி, தவறு, இன்னும் பார்க்கவில்லை என்று மூன்று மதிப்புள்ள ஈனம் ஆக்கினோம். கேட்வேயில் மூன்றாவதாக ஓர் அம்புக்குறி வரைந்தோம். அது சரிபார்க்கும் அலுவலரின் வேலைப் பட்டியலுக்குத் திரும்பிப் போகும். எந்தக் கண்டிஷனும் பொருந்தாதபோது போகும் டீஃபால்ட் பாதையையும் நிராகரிப்பிலிருந்து பிரித்து ஒரு மனிதரின் மேசைக்குத் திருப்பினோம். மொத்தம் அரை நாள் வேலை.

வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு இன்னொன்று தோன்றியது. 1846-இல் அயர்லாந்தில் எங்கள் பழைய ஒர்க்ஃப்ளோ ஓடியிருந்தால், லிங்கன் ஊரிலிருந்து வந்த ஒரு விண்ணப்பத்தில் டிகிரி இருக்கா என்ற ஃபீல்டை அது பார்த்திருக்கும். ட்ரூ இல்லை. உடனே நிராகரிப்பு. எரர்கூட வந்திருக்காது. நல்ல வேளை, அதை மனிதர்கள் படித்தார்கள்.

அடுத்த தடவை ஒரு சாய்சதுரம் வரையும்போது, ரெண்டு அம்புக்குறியோடு நிறுத்தாதீங்க. செருப்புக் கடைக்காரர் மகனுக்காக இன்னொன்று போடுங்கள்.